மின்னியற்றியின் பயனுறு திறன் அளவீடு

மின்னியற்றி (ஜெனரேட்டர்) தரும் மின்திறனுக்கும் அதைச் சுழற்றச் செலவாகும் எந்திரத் திறனுக்கும் உள்ள விகிதமே அதன் பயனுறு திறன். மீதி, கம்பிச்சுருளின் மின்தடை, இரும்பு உள்ளகம், தாங்கி உராய்வு, காற்றெதிர்ப்பு ஆகியவற்றில் வெப்பமாகிவிடுகிறது.

எளிய சோதனை: 2 கிலோ எடையை நூலில் கட்டி மின்னியற்றியின் அச்சில் சுற்றி, 1 மீட்டர் மெல்ல இறங்கவிட்டால் 19.6 ஜூல் கிடைக்கும். இறங்கும் 5 விநாடியும் மின்னியற்றியோடு இணைத்த பல்பில் 2 வோல்ட், 0.5 ஆம்பியர் இருந்தால் வெளிப்படுவது 5 ஜூல். பயனுறு திறன் ஏறத்தாழ 25 விழுக்காடு.

வரலாறு: ஃபாரடே 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். தெருவிளக்குக்கு டைனமோ என்னும் மின்னியற்றி வந்ததும் எது சிக்கனமானது என்ற கேள்வி எழுந்தது. 1878இல் பிலடெல்பியாவின் ஃபிராங்க்ளின் நிறுவனம் பல டைனமோக்களை ஒப்பிட்டுச் சோதித்தது. ஆனால் 98 விழுக்காடு திறனுள்ள எந்திரத்தில் உள்ளீட்டையும் வெளியீட்டையும் தனித்தனியே 1 விழுக்காடு பிழையோடு அளந்தாலே, தேடும் இழப்பு அப்பிழையில் மறைந்துவிடும். 1880களில் ஜான் ஹாப்கின்சன் இதற்கு வழி கண்டார்: ஒரே மாதிரியான இரு எந்திரங்களை இணைத்து, ஒன்றை மோட்டாராகவும் மற்றதை ஜெனரேட்டராகவும் ஓட்டினால், வெளியிலிருந்து தர வேண்டியது இழப்பை மட்டுமே. அதை நேரடியாக அளந்துவிடலாம்.

எண்ணூர்: வடசென்னையின் விம்கோ நகருக்கு வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையம் 1970 முதல் 1975 வரை படிப்படியாக அமைந்தது, 60 மெகாவாட் அலகுகள் 2, 110 மெகாவாட் அலகுகள் 3, மொத்தம் 450 மெகாவாட். அனல் நிலையத்தில் கொதிகலன், டர்பைன் இழப்புகளே பெரியவை. எனவே ஒரு யூனிட் (1 கிலோவாட் மணி) மின்சாரத்துக்குச் செலவாகும் வெப்பமான 'ஹீட் ரேட்' கணக்கிடப்படுகிறது. 1 யூனிட் 860 கிலோகலோரிக்குச் சமம். கிலோவுக்கு 4,000 கிலோகலோரி தரும் நிலக்கரி ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோ எரிந்தால் ஹீட் ரேட் 3,000, திறன் 28.7 விழுக்காடு. நிலையத்தின் பம்புகளும் விசிறிகளும் எடுத்துக்கொள்ளும் மின்சாரத்தைக் கழித்தால் இன்னும் குறையும்.

எண்ணூர் நிலையம் 2017 மார்ச் 31இல் மூடப்பட்டது. அருகே அத்திப்பட்டிலுள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தில் 1990களில் 210 மெகாவாட் அலகுகள் மூன்றும், பின்னர் 600 மெகாவாட் அலகுகள் இரண்டும், 2024இல் உயர் நீராவி அழுத்தத்தில் இயங்கும் 800 மெகாவாட் அலகும் வந்தன.

ஜெனரேட்டருக்கு 98 என்பதும் நிலையத்துக்கு 30 என்பதும் ஒருசேர உண்மையாகலாம். எங்கிருந்து எதுவரை அளந்தது என்று சொல்லாத விழுக்காட்டை ஏற்கக் கூடாது. திறன் குறையக் குறைய நிலக்கரியும் சாம்பலும் கூடும். அந்தச் சுமை அருகிலுள்ள கொசஸ்தலை ஆற்றின் மீதும் எண்ணூர் மக்கள் மீதுமே விழுகிறது.