குருதித் துளியும் நோயாளியின் அறிவும்
வீட்டுக் குளுக்கோசுமானியின் வரலாறு – ஒரு நோக்கு

மருத்துவ வரலாறு பெருமளவுக்கு மருத்துவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நோயைக் கண்டறிந்தவர் யார், மருந்தைப் படைத்தவர் யார் என்னும் வினாக்களுக்கே அங்கு முதலிடம் வழங்கப்படுகின்றது. நோயாளி அவ்வரலாற்றில் பெயரற்றவராய், பரிசோதனைக்கு உட்படும் உடலாக மாத்திரமே தோன்றுகின்றார். நீரிழிவு நோயின் வரலாறு இதற்கு ஓரளவு விலக்கானது. தமது நோயைத் தாமே அளந்து, அவ்வளவைக் கொண்டு உணவையும் மருந்தையும் நாள்தோறும் திருத்திக்கொள்ளும் நிலைக்கு நோயாளிகள் உயர்ந்தமையை இந்நோயின் வரலாற்றிலே தெளிவாகக் காணலாம். அவ்வுயர்வுக்குத் துணைநின்ற கருவி, இன்று உள்ளங்கையில் அடங்கும் குருதிக் குளுக்கோசுமானி ஆகும்.

இக்கருவிகளுள் எதனை வாங்குவது என்பது இன்று நம் இல்லங்கள் பலவற்றிலும் எழும் வினா. அதற்கான விடையை விற்பனையாளரின் சொல்லில் தேடுவதிலும் பார்க்கக் கருவியின் வரலாற்றில் தேடுதல் பயனுடைத்து என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும். இது விஞ்ஞானபீட மாணவர் எழுதவேண்டிய பொருளன்றோ எனச் சிலர் வினவலாம். கருவியின் உள்ளமைப்பு அவர்களுக்கு உரியது. அது எவர் கையில் இருந்தது, எவர் கைக்கு மறுக்கப்பட்டது என்பது வரலாற்று மாணவருக்கும் உரியது.

1. நாவிலிருந்து நிறத்துக்கு

இந்நோய்க்கு வழங்கும் பெயர்களே அதனை அறிந்த முறைகளைச் சுட்டுகின்றன. நீரிழிவு என்னும் பெயர் மிகுதியாக நீர் கழிவதைக் குறித்தது. மதுமேகம் என்னும் பெயர் அந்நீரின் இனிமையைக் குறித்தது. எறும்புகள் மொய்க்கும் சிறுநீர் பற்றிய செய்தியை இந்திய மருத்துவ மரபு பழங்காலத்திலேயே அறிந்திருந்தது. நம்மவர் பேச்சில் வழங்கும் ‘சீனி வருத்தம்’ என்பதும் அவ்வறிவின் தொடர்ச்சியே. ஐரோப்பாவில் கி. பி. 2ஆம் நூற்றாண்டளவில் கப்படோசியாவைச் சேர்ந்த அரெற்றேயசு இந்நோயை விரிவாக வருணித்தார். ஆயினும் சிறுநீரின் இனிமையை அங்கு வலியுறுத்தி எழுதியவர் 17ஆம் நூற்றாண்டின் ஆங்கில மருத்துவரான தோமஸ் வில்லிஸ் ஆவார். 1776இல் லிவர்ப்பூல் நகர மருத்துவர் மத்தியூ டொப்சன், நோயாளியின் சிறுநீரை ஆவியாக்கி எஞ்சிய பொருள் சர்க்கரையே எனக் காட்டியதோடு, குருதியின் நீர்ப்பகுதியும் இனிமையுடையது எனக் கண்டார். நோய் சிறுநீரில் மாத்திரம் இல்லை, குருதியிலேயே உள்ளது என்னும் உண்மை அன்றே வெளிப்பட்டது. எனினும் குருதியை எளிதில் அளக்கும் வழி தோன்ற இரு நூற்றாண்டுகள் சென்றன.

இடைப்பட்ட காலத்தில் நாவின் இடத்தை நிறம் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க இரசாயனவியலாளர் ஸ்ரான்லி பெனடிக்ற் அமைத்த செப்புக் கரைசல் உலகெங்கும் பரவியது. 5 மில்லிலீற்றர் கரைசலில் 8 துளி சிறுநீரை இட்டுக் கொதிக்கவைத்தால் சர்க்கரையின் அளவுக்கேற்ப நீல நிறம் பச்சையாகவும், மஞ்சளாகவும், ஈற்றில் செங்கல் நிறமாகவும் மாறும். குருதியை அளக்கும் முறைகளும் இல்லாமலில்லை. 1919, 1920ஆம் ஆண்டுகளில் ஃபோலின், வூ ஆகியோர் வகுத்த முறை ஆய்வுகூடங்களில் நெடுங்காலம் கையாளப்பட்டது. ஆனால் அதற்கு நாளத்திலிருந்து எடுத்த குருதியும், பயிற்சிபெற்ற ஆய்வுகூடப் பணியாளரும் தேவைப்பட்டனர். ஆகவே சிறுநீர் வீட்டுக்கு உரியதாகவும், குருதி வைத்தியசாலைக்கு உரியதாகவும் பிரிந்து நின்றன. இப்பிரிவே பின்வரும் வரலாற்றின் அடித்தளம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

2. இன்சுலினும் பிந்திவந்த செய்தியும்

1921இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் பான்றிங், பெஸ்ற், மக்லியோட், கொலிப் ஆகியோரின் முயற்சியால் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது. 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் மரணத்தை எதிர்நோக்கியிருந்த இளம் நோயாளிகள் அதன் பின்னர் பல்லாண்டு வாழ்ந்தனர்.

இன்சுலின் உயிரைக் காத்தது உண்மையே. ஆயினும் அது ஒரு புதிய பிரச்சினையையும் உடன்கொணர்ந்தது. குறைவாக ஏற்றினால் சர்க்கரை கூடும்; மிகுதியாக ஏற்றினால் அது அளவுக்கு மீறித் தாழ்ந்து நோயாளி நினைவிழப்பார். எவ்வளவு ஏற்றுவது என்பதை அறிய அப்பொழுதைய சர்க்கரை அளவு தெரிதல் வேண்டும். சிறுநீரோ அதனைத் தெரிவிக்காது. பொதுவாகக் குருதியில் சர்க்கரை டெசிலீற்றருக்கு 180 மில்லிகிராம் அளவைக் கடந்த பின்னரே அது சிறுநீரில் தோன்றும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்திய நிலையையே காட்டும். சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்திருப்பதையும், இயல்பாக இருப்பதையும் சிறுநீரால் வேறுபடுத்திக் காட்ட இயலாது. முடிந்துபோன நிகழ்ச்சியின் செய்தியைக் கொண்டு நடக்கவிருக்கும் செயலைத் தீர்மானிப்பது போன்றதே நோயாளியின் நிலையாக இருந்தது.

இவ்வெல்லைக்குள்ளேயே பரிசோதனை எளிதாக்கப்பட்டது. அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்து எல்கார்ட் நகரில் இயங்கிய மைல்ஸ் ஆய்வுகூட நிறுவனத்தின் ஏம்ஸ் பிரிவு, 1941இல் ‘கிளினிற்றெஸ்ற்’ என்னும் வில்லையை வெளியிட்டது. தானே வெப்பத்தை உண்டாக்கும் இவ்வில்லை அடுப்பைத் தேவையற்றதாக்கியது. 1956இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த அல்பிரட் ஃபிரீ, ஹெலன் ஃபிரீ தம்பதியரின் ஆய்வால், சிறுநீரில் தோய்த்துப் பார்க்கும் ‘கிளினிஸ்ரிக்ஸ்’ பட்டி உருவானது. குளுக்கோசை மாத்திரம் தெரிந்து தாக்கும் நொதியம் ஒன்று அப்பட்டியில் ஊட்டப்பட்டிருந்தது. பின்னாளைய குளுக்கோசுமானிகள் யாவும் இந்நொதிய வழியிலேயே தோன்றின எனலாம்.

3. மானியின் தோற்றமும் மறுக்கப்பட்ட கதவும்

1960களின் நடுப்பகுதியில் அதே ஏம்ஸ் பிரிவு ‘டெக்ஸ்ரோஸ்ரிக்ஸ்’ என்னும் குருதிப் பட்டியை வெளியிட்டது. விரல் நுனியிலிருந்து பெற்ற பெரிய குருதித் துளியைப் பட்டியில் இட்டு, 60 செக்கன்கள் காத்திருந்து, நீரால் கழுவி, தோன்றும் நீல நிறத்தை அட்டையிலுள்ள நிறங்களுடன் ஒப்பிடவேண்டும். நிறத்தைக் காண்பதில் ஒருவர் கண்ணுக்கும் மற்றவர் கண்ணுக்கும் வேறுபாடு இருந்தது. நீரிழிவாலேயே பார்வை மங்கியவருக்கு அம்முறை பயன்படவில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டு, அந்நிறுவனத்தின் பொறியியலாளர் அன்ரன் கிளெமென்ஸ், பட்டியிலிருந்து தெறிக்கும் ஒளியை அளந்து முள்ளால் காட்டும் மானியை வடிவமைத்தார். 1970 அளவில் சந்தைக்கு வந்த அம்மானி ஒரு கிலோகிராமுக்கு மேற்பட்ட நிறையுடையது. விலையோ பல நூறு டொலர். நோயாளி தம் வீட்டில் வைத்திருப்பார் என்ற எண்ணம் அதனை ஆக்கியோருக்கு இருக்கவில்லை.

இங்குதான் நோயாளி ஒருவர் வரலாற்றினுள் நுழைகின்றார். றிச்சாட் பேண்ஸ்ரைன் என்னும் நியூயோர்க் பொறியியலாளர் 12 வயதில், 1946இல், நீரிழிவுக்கு ஆளானவர். முப்பத்தைந்து வயதளவில் நோயின் பின்விளைவுகள் பல அவரைப் பற்றியிருந்தன. 1960களின் இறுதியில் ஆய்வுகூட இதழொன்றில் இம்மானி பற்றிய விளம்பரத்தை அவர் கண்டார். மயங்கிய நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்படுபவர் நீரிழிவாளரா, குடித்தவரா என இரவு வேளையில் பிரித்தறிவதே அதன் பயனாகக் கூறப்பட்டது. மருத்துவரல்லாதவருக்கு அதனை விற்க உற்பத்தியாளர் இணங்கவில்லை. மருத்துவரான தம் மனைவியின் பெயரிலேயே அவர் அதனைப் பெற்றார். நாளொன்றுக்கு ஐந்து முறை அளவில் தம் குருதியை அளந்து, உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றியமைத்து, சர்க்கரையைச் சீராக்கினார். தாம் கண்டதைக் கட்டுரையாக்கியபோது மருத்துவ இதழ்கள் அதனை ஏற்கவில்லை. தம் சொல்லுக்கு மதிப்பு வேண்டுமாயின் தாமே மருத்துவராதல் வேண்டும் எனத் துணிந்த அவர், 1979இல், 45ஆவது வயதில், மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1983இல் பட்டம் பெற்றார். 2025இல், 90ஆவது வயதில் அவர் காலமானார்.

பேண்ஸ்ரைன் பின்னர் பரிந்துரைத்த உணவுமுறை பற்றி மருத்துவரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது இங்கு நமக்குப் பொருளன்று. மனைவி மருத்துவராக இல்லாத, பல நூறு டொலர் இல்லாத நோயாளிக்கு அக்கதவு திறந்திராது என்பதே நாம் கவனிக்கவேண்டியது. ஒரு கருவி கண்டுபிடிக்கப்படுவதும், அது தேவைப்படுவோரைச் சென்றடைவதும் வெவ்வேறு நிகழ்ச்சிகளாகும்.

4. சான்றும் பரவலும்

1978இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் இரு பிரித்தானிய ஆய்வுக் குழுக்களின் கட்டுரைகள் ஒருங்கே வெளியாயின. ஒன்று இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் சொன்க்சன் முதலியோரது. மற்றையது நொட்டிங்ஹாமில் ரற்றர்சோல் முதலியோரது. சாதாரண நோயாளிகள் தம் வீட்டிலேயே குருதியை நம்பத்தக்க வகையில் அளக்க வல்லவர் என்பதையும், அதனால் நோய்க் கட்டுப்பாடு மேம்படுகின்றது என்பதையும் இவை காட்டின. நோயாளியால் இயலாது என்னும் கருத்து இதனால் தளர்ந்தது.

எனினும் சர்க்கரையைச் சீராக வைத்திருத்தல் பின்விளைவுகளைத் தடுக்குமா என்னும் பெருவினா எஞ்சியிருந்தது. 1983 முதல் 1993 வரை ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேரைக் கொண்டு நடத்தப்பட்ட பேராய்வு அதற்கு விடையளித்தது. நாளொன்றுக்கு நான்கு முறையேனும் குருதியை அளந்து, தீவிர இன்சுலின் சிகிச்சை பெற்றோரிடத்து விழித்திரைப் பாதிப்புத் தோன்றும் அபாயம் 76 சதவீதம் குறைந்தது. சிறுநீரக, நரம்புப் பாதிப்புகளும் பெரிதும் குறைந்தன.

இதற்கிடையே கருவியும் மாறியது. இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட், ஒக்ஸ்போட் ஆகிய இடங்களின் ஆய்வாளர்கள் நிறத்துக்குப் பதிலாக மின்னோட்டத்தை அளக்கும் மின்வாய் முறையை வகுத்தனர். 1987இல் பேனா வடிவில் வெளிவந்த ‘எக்சாக்ரெக்’ அதன் பயன். கழுவுதலும் துடைத்தலும் ஒழிந்தன. 30 செக்கன்களில் விடை கிட்டியது. 2014இல் ஐரோப்பாவில் அறிமுகமான ‘ஃபிரீஸ்ரைல் லிப்ரே’ போன்ற உணரிகள் தோலில் ஒட்டியிருந்து இடையறாது அளக்கும் நிலையையும் உண்டாக்கின.

5. எண்ணும் பொருளும்

மானி சிறிதாக, அதன் விலையும் குறைந்தது. ஆனால் செலவு குறையவில்லை. அது இடம் பெயர்ந்தது. மானியை மலிவாகவோ இலவசமாகவோ கொடுத்து, அதற்கு மாத்திரம் பொருந்தும் சோதனைப் பட்டியை, கடைகளில் ‘ஸ்ரிப்’ என வழங்குவதை, தொடர்ந்து விற்பதே வணிக முறையாயிற்று. ஒருமுறை வாங்கும் பொருளிலன்றி, நாள்தோறும் கழியும் பொருளிலேயே ஆதாயம் தங்கியுள்ளது.

எமது வீட்டு அனுபவம் ஒன்றை இங்கு கூறுதல் பொருந்தும். வெளிநாட்டு உறவினர் ஒருவர் அம்மம்மாவுக்கு ஒரு மானியை அனுப்பியிருந்தார். ஒருநாள் அவர் சோர்ந்திருந்தபோது அளந்து பார்த்தோம்; 18 என்றது. கிளினிக் கொப்பியில் எப்பொழுதும் நூற்றுக்கு மேற்பட்ட எண்களையே கண்டு பழகிய நாம், சர்க்கரை அறவே இறங்கிவிட்டது எனக் கருதிச் சீனி கலந்த தேநீரைப் பருகக் கொடுத்தோம். அம்மானி லீற்றருக்கு மில்லிமோல் என்னும் அலகில் அளப்பது என்பதை வைத்தியசாலையிலேயே அறிந்தோம். நமது கொப்பியின் அலகுக்கு மாற்ற அவ்வெண்ணை 18ஆல் பெருக்கவேண்டும், விடை 324. அம்மம்மா தேறினார். ஆயின் கொண்டுவந்த பட்டிகள் முடிந்ததும் அவற்றுக்கு ஈடானவை எமது ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை. மானி இன்றும் அலுமாரியில் உள்ளது.

வரலாறு உணர்த்தும் தேர்வு முறையும் இதுவே. முதலில் நோக்கவேண்டியது மானியையன்று, பட்டியை: அது அண்மையில் கிடைக்குமா, மாதந்தோறும் வாங்க இயலுமா, காலாவதித் திகதி யாது? அடுத்தது அலகு, அது கிளினிக் கொப்பியின் அலகாக இருத்தல் வேண்டும். மூன்றாவது திருத்தம். 2013ஆம் ஆண்டின் சர்வதேச நியமப்படி, 100 மில்லிகிராமும் அதற்கு மேலுமான அளவுகளில் 95 சதவீதமான முடிவுகள் உண்மை அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள்ளும், அதற்குக் கீழ் 15 மில்லிகிராமுக்குள்ளும் அமைதல் வேண்டும். அதாவது 200 எனக் காட்டும் மானி, 180க்கும் 220க்கும் இடையே வேறுபாடு அறியாததாக இருக்கலாம். குருதிச்சோகை உள்ளவரிடம் பல மானிகள் கூடுதலாகக் காட்டும். பழம் உரித்த விரலைக் கழுவாது அளப்பினும் அவ்வாறே. ஒருவகை நொதியம் கொண்ட பட்டிகள் மோல்ற்றோசையும் குளுக்கோசாகக் கணித்தமையால், சிறுநீரகச் சிகிச்சை பெறுவோர் முதலியோரிடம் நேர்ந்த 13 மரணங்கள் பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரித்தது. ஈற்றாக, எத்தனை முறை அளப்பது என்பதும் வினாவே. இன்சுலின் ஏற்றாத இரண்டாம் வகை நீரிழிவாளருக்குச் சுயபரிசோதனையால் கிட்டும் பயன் சிறிதே என 2012இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு காட்டியது. அளந்த எண்ணைக் கொண்டு எதனை மாற்றுவது என மருத்துவர் கற்பிக்காதவிடத்து, விரலைக் குத்துவது வெறும் வேதனையாகவே முடியும்.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, குளுக்கோசுமானியின் வரலாறு அறிவு கைமாறிய வரலாறாகும். மருத்துவரின் நாவிலும், ஆய்வுகூடத்தின் குழாயிலும் இருந்த அறிவு நோயாளியின் விரல் நுனிக்கு வந்தது. அது தானாக வரவில்லை. நோயாளிகளின் பிடிவாதமும், அவர்களை நம்பிய மருத்துவர் சிலரின் ஆய்வும் அதனைக் கொணர்ந்தன. ஆனால் எண் கையில் கிடைப்பது அறிவின் பாதியே. அதன் அலகும், எல்லையும், அதன்பின் செய்யவேண்டியதும் நோயாளியின் மொழியில் அவருக்கு விளக்கப்படும்போதே மறுபாதி நிறைவுறும். மானிகளோடு வரும் கைந்நூல்கள் தமிழில் தெளிவாக எழுதப்படுதலும், பட்டிகள் ஏழை நோயாளிக்கும் எட்டுதலும் அதற்கு இன்றியமையாதவை. முன்னதில் மருத்துவபீடத்தாரோடு தமிழ் பயில்வோராகிய நமக்கும் பங்குண்டு. எமது வீட்டில் அன்று வழங்கிய அந்தத் தேநீர் இதனை எமக்கு உணர்த்தியது.