உபகாரச் சம்பளமும் ஒப்பந்தப் பத்திரமும்

மாணவர்க்கு வழங்கப்படும் கல்வித் தொகையை நம் முன்னோர் ‘உபகாரச் சம்பளம்’ என்றனர். கொடுப்பவர் மனம் இரங்கிக் கொடுத்தால் அது உபகாரம். பெறுபவர் உரிமையோடு கேட்டுப் பெற்றால் அது சம்பளம். நம் சமுதாயம் முன்னதிலிருந்து பின்னதற்கு வந்த வழியை அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையைக் கொண்டு இங்கு ஆராயப் புகுகிறோம். அண்ணல் பெற்ற பட்டங்களை நாம் மேடைதோறும் அடுக்குகிறோம். அவற்றுக்குப் பணம் வந்த வழியை எண்ணிப் பார்ப்பதில்லை.

1913 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் பம்பாயில் பி.ஏ. தேறினார். பிப்ரவரியில் தந்தையார் இராம்ஜி காலமானார். அவ்வமயம் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெய்க்வாட் சில மாணவரை அமெரிக்காவுக்கு உயர்கல்வி பெற அனுப்ப எண்ணியிருந்தார். சேர வேண்டிய கொலம்பியா பல்கலைக் கழகமோ 1754 இல் தோன்றிய தனியார் நிறுவனம். அண்ணல் மன்னரைக் கண்டு விண்ணப்பித்தார். மாதம் 11½ பவுன் வீதம் 3 ஆண்டுகளுக்கு உதவி கிடைத்தது.

அது வெறுங்கொடையன்று. 1913 ஜூன் 4 ஆம் நாள் அவர் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். குறித்த பாடங்களைப் படித்தல் வேண்டும். திரும்பியபின் பரோடா அரசில் 10 ஆண்டுகள் பணியாற்றுதல் வேண்டும். மன்னரின் பெருந்தன்மையை நாம் மறுக்கவில்லை. எனினும் அவர் மனம் வைத்தால்தான் பணம் வரும், அவர் குறித்த நாளில் அது நிற்கும் என்பதே அன்றைய நிலை.

நின்றும் போயிற்று. கொலம்பியாவில் 1915 இல் எம்.ஏ. பெற்ற அண்ணல், 1916 இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். 1917 இல் உதவியின் தவணை முடிந்தது, ஆய்வு முடியவில்லை. அப்போது அவர் செய்த காரியத்தை இளைஞர்கள் கருத்திற் கொள்ள வேண்டுகிறோம். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடர இலண்டன் பல்கலைக் கழகத்திடம் அனுமதி பெற்ற பின்னரே அவர் கப்பலேறினார். பணம் போயிற்று, இடம் போகவில்லை.

ஒப்பந்தப்படி பரோடா சென்றவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. சாதியை அறிந்த பின் பார்சி விடுதியிலிருந்தும் வெளியேற்றினர். அமெரிக்கப் பட்டத்துக்கு அவ்வூரில் இருந்த மதிப்பு அவ்வளவே! 1918 இல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் மிச்சம் பிடித்தும், கோலாப்பூர் மன்னர் சாகு மகராசரிடம் உதவி பெற்றும், நண்பரிடம் ரூ. 5,000 கடன் வாங்கியும் 1920 இல் இலண்டன் திரும்பினார். 1923 இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

இத்தனையும் பட்டறிந்தவர் 1942 இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் அமர்ந்தார். அவ்வாண்டே தாழ்த்தப்பட்டோர் குறைகளை எடுத்துரைத்து அரசுக்கு ஒரு விரிவான மனு அளித்தார். காசி, அலிகார் பல்கலைக் கழகங்கள் பெறும் மானியத்தைச் சுட்டிக்காட்டி, நம் மாணவர்க்கும் தொகை ஒதுக்கக் கோரினார். அதன் பயனாக ஆண்டுக்கு ரூ. 3 இலட்சம் ஒதுக்கப்பட்டது. 1944 இல் மெட்ரிக்குப் பிந்திய கல்வி உதவித்திட்டம் தொடங்கியது. வெளிநாட்டுக் கல்விக்கான தேசிய உதவித்திட்டம் 1954-55 இல் வந்தது. மன்னரின் பெட்டியிலிருந்து வந்த பணம் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் ஓர் இனமாக ஏறியது. இதனையே வரலாற்றின் திருப்பமென்று கருதுகிறோம்.

பள்ளிக் கல்வியில், தனியார் பள்ளியின் கதவு நெடுநாள் சாத்தியே இருந்தது. 2009 இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளும் தொடக்க வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை ஒதுக்க வேண்டுமென்று விதித்தது. ‘சர்வதேசப் பள்ளி’ என்று பலகை மாட்டிக்கொண்டதனால் மட்டும் விலக்கு இல்லை. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2014 இல் விலக்கு அளித்தது.

அச்சட்டத்தில் இரு பிரிவுகள் உள. ஒன்று நலிந்த பிரிவு. அதற்கு வருமான வரம்பு உண்டு. மற்றொன்று வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவு. பட்டியல் சாதிக் குழந்தைகளை அதிலேயே சட்டம் வைத்துள்ளது. எனவே விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய முதற்சான்று சாதிச் சான்றிதழே. இச்சலுகை எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதாம் வகுப்பில் அதே பள்ளியில் தொடர, முழுக் கட்டணம் செலுத்த வேண்டும். அன்றேல் பள்ளி தானே வழங்கும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவ்விண்ணப்பத்தின் கடைசி நாளையும் நிபந்தனைகளையும் பிள்ளை ஏழாம் வகுப்பில் இருக்கும்போதே பெற்றோர் எழுத்து மூலம் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.