கித்தா சப்பாத்தின் கதை



சென்ற ஆண்டுக் குறுக்கோட்டப் போட்டியின்போது நடந்த ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன், ஓட்டம் தொடங்குமுன் தன் கறுப்புக் கித்தா சப்பாத்தைக் கழற்றிக் கான் ஓரத்துப் புல்லில் மறைத்துவிட்டு, வெறுங்காலோடு வரிசையில் வந்து நின்றான். "ஏன்டா?" என்று கேட்டேன். "சிரிக்கிறாங்க டீச்சர்" என்றான். பாதி வழியில் செம்பனை முள் குதிகாலில் ஏறிவிட்டது. பந்தயமும் போயிற்று, ஒரு வாரப் படிப்பும் போயிற்று.

அவன் மறைத்து வைத்த சப்பாத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அது தெரிந்திருந்தால் அவனும் மறைத்திருக்க மாட்டான், மற்றவர்களும் சிரித்திருக்க மாட்டார்கள்.

ரப்பரிலிருந்து மனிதன் முதன்முதலில் செய்துகொண்ட பொருள்களில் சப்பாத்தும் ஒன்று. தென் அமெரிக்காவின் அமேசான் காட்டு மக்கள் கால் வடிவ அச்சின்மேல் மரத்துப் பாலை ஊற்றி, புகையில் காட்டிக் காலணி செய்தார்கள். 1820-களில் அவை அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறின. ஆனால் அவை வெயிலில் பிசுபிசுத்தன, பனியில் விறைத்து வெடித்தன. 1839-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் குட்இயர் என்பவர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் இந்தக் குறை நீங்கும் என்று கண்டுபிடித்தார். இன்று நாம் போடும் ஒவ்வொரு ரப்பர் சப்பாத்தும் அந்த முறையின் பிள்ளைதான்.

1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு சென்றார். மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. 1896-இல் மலாக்காவில் தான் சே யான் என்பவர் ரப்பர்த் தோட்டம் தொடங்கினார். அதன் பிறகு தோட்டங்கள் பெருகின. அவற்றில் காடு வெட்டவும் மரம் சீவவும் கப்பலேறி வந்தவர்கள் நம் முன்னோர்கள்.

ஆனால் விந்தையைப் பாருங்கள். உலகத்துக் கால்களுக்கெல்லாம் சப்பாத்தாகப் போன பாலை எடுத்துக் கொடுத்தவர்களின் கால்கள் வெறுங்கால்களாகவே இருந்தன! என் பாட்டி மரம் சீவியவர். அவர் சொல்வார்: "பெரட்டுக்கு இருட்டோட போவோம்மா. செருப்பு போட்டா சேறு புடிச்சி இழுக்கும். வெறுங்காலுதான் தோது. அட்டை கடிக்கும், முள்ளு குத்தும், அதெல்லாம் பாத்தா நிரை முடியுமா?"

முள்ளைவிடக் கொடிய பகை ஒன்று அந்த ஈர மண்ணில் இருந்தது. அதுதான் கொக்கிப்புழு. மண்ணிலுள்ள இதன் இளம்புழுக்கள் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, பின் குடலுக்கு இறங்கி, அங்கே ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். உடல் வெளுக்கும், மூச்சு வாங்கும். 1915 முதல் 1917 வரை ராக்ஃபெல்லர் அறநிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு மலாயா, ஜாவா, பிஜித் தீவுகளில் இந்நோயை ஆராய்ந்தது. சோம்பேறி என்று திட்டு வாங்கிய எத்தனையோ தொழிலாளர்கள் உண்மையில் இரத்தமில்லாத நோயாளிகளே என்றால் மிகையாகாது. கழிப்பிடமும் காலணியும் இந்நோயைத் தடுக்கும் இரு காவலர்கள்.

பிற்காலத்தில்தான் கறுப்புக் கித்தா சப்பாத்து தொழிலாளர் கால்களுக்கு வந்தது. மலாய்க்காரர்கள் வேடிக்கையாக இதை 'கம்போங் அடிடாஸ்' என்பார்கள். 1949-இல் ஜெர்மனியில் பதிவான அந்தப் பெரிய நிறுவனத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் காட்டு ஓட்டத்துக்கு என்றே விலை உயர்ந்த சப்பாத்துகள் விற்கும் இந்நாளிலும், மலையேறுபவர்களும் காட்டு ஓட்டக்காரர்களும் இதைத் தேடி வாங்குகிறார்கள். காரணம் என்ன?

முதலாவது, பொருத்தம். கயிறு கிடையாது; ரப்பரே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆனால் "வளர்ற புள்ளதானே" என்று பெற்றோர்கள் இரண்டு அளவு பெரிதாக வாங்கிவிடக் கூடாது. உள்ளே கால் வழுக்கினால் கொப்புளம் நிச்சயம். காலுறையும் அவசியம் வேண்டும்.

இரண்டாவது, மெத்தை. இதில் நம் சப்பாத்து தோற்றுத்தான் போகிறது. விலை உயர்ந்தவற்றில் காலுக்கடியில் தடித்த நுரை அடுக்கு இருக்கும். நம்முடையதில் ரப்பர் மட்டுமே. நம் சபாக் வட்டாரத்துக் களிமண்ணில் மண்ணே மெத்தையாகிறது; அடியிலுள்ள குமிழ்கள் வழுக்காமல் பிடிக்கும். தார் ரோட்டிலோ முழங்கால் வலிக்கும். ஆகவே ரோட்டில் நெடுந்தூரம் ஓட இது வேண்டாம்.

மூன்றாவது, உழைப்பு. ஒரே வார்ப்பாகச் செய்வதால் பிரிய தையல் இல்லை. துணிச் சப்பாத்து தண்ணீர் குடித்துக் கனக்கும். இதைக் கான் தண்ணீரில் அலசிக் கவிழ்த்தால் போதும். வெயிலும் எண்ணெயும் இதற்கு எதிரிகள். தகரக் கூரைமேல் காயப்போட்டால் விரல் மடியும் இடத்தில் வெடிக்கும். நிழலில் உலர்த்துங்கள்.

நம் கோலசிலாங்கூர் பகுதியில், தென்னமரம் தோட்டத்தில், 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்பவர் செம்பனையை வணிகப் பயிராக நட்டார். இன்று எங்கு பார்த்தாலும் செம்பனைதான். பால்மரம் போனாலும் முள் வந்துவிட்டது. காலுக்குக் காவல் வேண்டிய தேவை போகவில்லை.

1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலோடு ஓடி மாரத்தானில் தங்கம் வென்றார். 1964-இல் தோக்கியோவில் சப்பாத்தோடு ஓடியும் வென்றார். வென்றது கால்தான், சப்பாத்தின் பெயரன்று. இருந்தாலும் அவர் ஓடியது ரோம் நகரத்து வீதியில், செம்பனைக் காட்டிலன்று என்பதை மறந்துவிடாதீர்கள்!

மாணவச் செல்வங்களே! நம் பாட்டன் பாட்டிகள் இரத்தம் கொடுத்து எடுத்த பாலில் செய்தது இந்தச் சப்பாத்து. அவர்களுக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் புல்லில் ஒளிக்காதீர்கள். தலை நிமிர்ந்து போட்டுக்கொண்டு ஓடுங்கள். பக்கத்தில் ஒருவன் அதைப் போட்டு வந்தால் சிரிக்காமல் அவனோடு சேர்ந்து ஓடுங்கள்.

வளர்க நம் பள்ளி! வாழ்க நம் தோட்டத்து மக்கள்!