டிராக்டருக்குத் தண்ணி காட்டுவது

ரேடியேட்டருக்கு அடியில் இருந்த சின்னக் குழாய்த் திருகைத் திறந்ததும் ஒன்றும் வரவில்லை. மாமா ஒரு கம்பியை உள்ளே விட்டுக் குடைந்தார். அடைத்துக்கொண்டிருந்த சேறு பிசுக்கென்று வந்து விழ, பின்னாலேயே கொட்டியது தே-ஓ. சீனியும் பாலும் போடாத, தேயிலை ரொம்ப நேரம் ஊறிப்போன தே-ஓ. பழைய பெயின்ட் வாளியில் அது விழ விழ, துருப்பொடி அடியில் போய்ப் படிந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தால் அரைத்த மஞ்சள் போல நறநறவென்றது.

"எத்தனை வருசமா உள்ள இருந்திருக்கும் மாமா?"

"யாருக்குத் தெரியும்? நான் வாங்கி மூணு வருசம். குறையக் குறைய ஊத்தியிருக்கேன், மாத்துனதில்ல."

மலேசியாவின் டெங்கிலில், லங்காட் ஆற்றுக்குப் பக்கம் மாமாவுக்குக் கொஞ்சம் செம்பனை இருக்கிறது. வடக்கே புத்ராஜெயா, தெற்கே விமான நிலையம். இரண்டுக்கும் நடுவில், குலை ஏற்ற டிரெய்லர் மாட்டிய குட்டி டிராக்டர் ஒன்று புகை கக்கிக்கொண்டு போகிறதென்றால் அது அவருடையதாக இருக்கும். மூன்று சிலிண்டர் குபோத்தா, இருபது சொச்சம் குதிரைசக்தி. ஜப்பானில் யாரோ ஒருவருடைய நெல்வயலில் உழுதுவிட்டு, கப்பலேறி, கைமாறி இங்கே வந்தது. மட்கார்டில் ஜப்பானிய எழுத்தில் மஞ்சள் ஸ்டிக்கர்கள் இன்னும் ஒட்டியிருக்கின்றன. படம் இருப்பதை மாமா படம் பார்த்துப் புரிந்துகொள்வார். படம் இல்லாததைத் துணியால் துடைத்துவிட்டுப் போய்விடுவார். கூலன்டை மாற்றச் சொன்னது ஒருவேளை அந்தப் படமில்லாத ஸ்டிக்கராகவே இருந்திருக்கும்.

போன மாதம் குலை ஏற்றிக்கொண்டு வரப்பு மேட்டில் ஏறும்போது சூட்டு முள் சிவப்புக்குப் போய்விட்டது. மாமா இறங்கி, பரீட் வாய்க்காலில் ஒரு போத்தல் தண்ணீர் மொண்டு, பத்து நிமிடம் ஆறவிட்டு ஊற்றி, மறுபடி ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருடைய அப்பா தோட்டத்தில் மாட்டுவண்டி ஓட்டியவர். மத்தியானம் வண்டியை அவிழ்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டுவது அந்த வீட்டில் ஒரு நித்திய கடமை. மாடு போய் டிராக்டர் வந்தபோதும் அந்தக் கடமை போகவில்லை. கிணற்றுத் தண்ணீரோ, பைப் தண்ணீரோ, பரீட்டுத் தண்ணீரோ, கிடைத்ததைக் காட்டினார்கள். மாட்டுக்கு அது செரித்தது.

டிராக்டருக்குச் செரிக்காது. எரிகிற டீசலின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தூக்கிக்கொண்டு போய் வெளிக்காற்றில் விடுவது இந்தத் தண்ணீரின் வேலை. எஞ்சின் பிளாக் வார்ப்பிரும்பு. அதோடு ஒட்டிய உறுப்புகளில் அலுமினியம். பழைய ரேடியேட்டர் என்றால் செம்பும் பித்தளையும், அவற்றை ஒட்டவைக்க ஈயப்பற்று. இத்தனை உலோகமும் ஒரே தண்ணீரில் நின்றால் அது கிட்டத்தட்ட ஒரு பேட்டரிதான். ஒன்று இன்னொன்றை அரிக்கும். பைப் தண்ணீரில் குளோரைடு. பரீட்டுத் தண்ணீரோ இந்தப் பக்கம் கரிச்சதுப்பு நிலத்திலிருந்து வடிவது, புளிப்பு ஏறியது, பார்க்கும்போதே பழுப்பு. குபோத்தாவின் கதையில் இதற்கொரு வேடிக்கை உண்டு. 1890இல் ஒசாகாவில் வார்ப்புப் பட்டறை தொடங்கிய குபோத்தா கோன்ஷிரோ பெயர் வாங்கியது 1893 முதல் வார்த்த குடிதண்ணீர்க் குழாய்களால். ஜப்பானில் காலரா பரவிய காலம் அது. சுத்தமான தண்ணீர் கொண்டுவரும் குழாய்களை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டரெல்லாம் 1960இல்தான். நல்ல தண்ணீர்க் குழாயால் பெயர் வாங்கிய கம்பெனியின் எஞ்சினுக்குள் நாங்கள் பரீட்டை ஊற்றிக்கொண்டிருந்தோம்.

ஊற்ற வேண்டியது எத்திலீன் கிளைக்கால் கலந்த தண்ணீர். இந்தத் திரவம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த வழி டிராக்டர் வந்த வழியைவிட நீளம்.

பாரிஸில் 1850களின் பின்பாதியில் ஷார்ல் அடால்ஃப் வுர்ட்ஸ் என்ற வேதியியலர் இதை முதலில் செய்தார். அறுபது வருடம் யாருக்கும் இதனால் பெரிய பிரயோசனம் இல்லை. முதல் உலகப்போரில் வெடிமருந்து செய்யக் கிளிசரின் தட்டுப்பட்டபோது, ஜெர்மானியர்கள் அதற்குப் பதிலாக இதைப் பிடித்துக்கொண்டார்கள். டெங்கில்காரர்களுக்கு அந்தப் போர் வேறு வழியாக வந்தது. போர் முடிந்து வீடு திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகளுக்கு 1921இல் இங்கே காடு கொடுத்து ரப்பர் போடச் சொன்னார்கள். தோட்டத்துக்குப் பெயர் பிராங் பெசார், மலாயில் பெரும்போர். மாமா அதில்தான் பிறந்தார். பிறகு அந்தத் தோட்டமும் பக்கத்துத் தோட்டங்களும் புத்ராஜெயா ஆயின. அங்கிருந்த குடும்பங்கள் பல டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்தன. பிரதமர் அலுவலகத்தைத் தொலைக்காட்சியில் காட்டினால், "ரப்பர் பால் ஸ்டோர் அங்கதான் இருந்துச்சு" என்று மாமா விரலைத் திரையில் வைப்பார். சரியான இடத்தில்தான் வைக்கிறாரா என்று யாரும் சோதித்ததில்லை.

கிளைக்கால் வெடிமருந்திலிருந்து ரேடியேட்டருக்கு வந்தது அமெரிக்காவில். யூனியன் கார்பைடு குழுமத்தின் பெரிய ஆலை 1925இல் மேற்கு வர்ஜீனியாவில் தொடங்கியது. 1927இல் பிரெஸ்டோன் என்ற பெயரில் டப்பாவில் வந்தது. அதுவரை குளிர்நாட்டுக்காரர்கள் ரேடியேட்டர் உறையாமல் இருக்கச் சாராயம் கலந்துகொண்டிருந்தார்கள். அது சூட்டில் ஆவியாகிப் போய்விடும். கிளைக்கால் ஆவியாகாது. பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது.

டெங்கிலில் விடியற்காலையில் 23 டிகிரிக்குக் கீழே போனாலே மாமி ஸ்வெட்டர் தேடுவார். உறைபனிக்கு எதிரான மருந்து நமக்கு எதற்கு என்று மாமா கேட்டது நியாயமான கேள்வி. நமக்கு வேண்டியது அதன் மறுகோடி. பாதிக்குப் பாதி கலவை 107 டிகிரி தாண்டித்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்துக்கொண்டால் இன்னும் இருபது டிகிரிக்குமேல் ஏறும். அதைவிட முக்கியம், டப்பாவில் கிளைக்காலோடு சேர்ந்து வரும் துருத்தடுப்பு உப்புகள். நிஜத்தில் நாம் காசு கொடுத்து வாங்குவது அந்தச் சில சதவீதத்தைத்தான். அது செலவாகித் தீர்ந்துபோவதால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கிளைக்கால் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

மாமா அலமாரியிலிருந்து இரண்டு அரைப் போத்தல் எடுத்துவந்தார், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. "ரெண்டும் ஒண்ணுதான்லா, கலந்துருவோம்" என்றார். நிறம் வெறும் சாயம். கம்பெனிக்குக் கம்பெனி மாறும். உள்ளிருக்கும் உப்புதான் சாதி. ஜப்பான்காரர்கள் வாட்டர் பம்ப் சீல் தேயும் என்று சிலிக்கேட்டைத் தவிர்த்து பாஸ்பேட் போடுவார்கள். ஐரோப்பாவில் தண்ணீர் கடினம், பாஸ்பேட் சுண்ணாம்போடு சேர்ந்து படியும் என்று அதைத் தள்ளிவிட்டுச் சிலிக்கேட் போடுவார்கள். பொருந்தாத இரண்டைக் கலந்தால் சமயத்தில் கூழாகிவிடும். இரண்டு போத்தலையும் ஒதுக்கிவிட்டு, ஜப்பானிய எஞ்சினுக்கென்று எழுதிய ஒன்றைப் புதிதாக வாங்கினோம்.

அந்தப் போத்தலில் இருந்தது எந்த ஆலையிலிருந்து வந்தது என்று எனக்குத் தெரிய வழியில்லை. ஆனால் மலேசியாவிலேயே கிளைக்கால் செய்கிறார்கள். தென்சீனக் கடலுக்கு அடியிலிருந்து வரும் எரிவாயுவிலிருந்து ஈத்தேனைப் பிரித்து, திரெங்கானு கெர்த்தேயில் எத்திலீனாக்கி, அதை வெள்ளி கலந்த வினையூக்கியின் மேல் ஆக்சிஜனோடு சேர்த்து எத்திலீன் ஆக்சைடாக்கி, தண்ணீர் சேர்த்தால் கிளைக்கால். பெட்ரோனாஸ் அந்த ஆலையைத் தொடங்கியபோது கூட்டாளி யார் என்று பார்த்தால், அதே யூனியன் கார்பைடு. போபாலை வைத்துத் தமிழ் வாசகருக்கு அந்தப் பெயர் தெரியும். அந்தக் கம்பெனி 2001இல் டௌ கெமிக்கல் கைக்குப் போனது. 2009இல் பெட்ரோனாஸ் ஆலை முழுவதையும் தன் பக்கம் வாங்கிக்கொண்டது. உலகத்தில் செய்யும் கிளைக்காலில் பெரும்பகுதி ரேடியேட்டருக்கு வருவதே இல்லை. பாலியெஸ்டர் நூலுக்கும் தண்ணீர் போத்தலுக்கும் போகிறது. மாமா கல்யாணத்துக்குப் போட்ட டெரிலின் சட்டையும் இதுவும் ஒரே வயிறு.

வேலைக்கு வருவோம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகுதான் மூடியைத் தொடவேண்டும். சூட்டோடு திறந்தால் கொதிக்கும் தண்ணீர் முகத்துக்குத்தான் வரும். சூட்டு எஞ்சினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம். ரேடியேட்டரைக் காலி செய்துவிட்டால் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பிளாக்கின் பக்கவாட்டில் இன்னொரு திருகு இருக்கிறது. அதைத் திறந்ததும் மறுபடி ஒரு மடக்கு தே-ஓ.

எஞ்சின் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றினோம். அது வேலை செய்கிறதா என்று பார்க்க, மாமா சொல்லாமல் கொள்ளாமல் அடுப்படியிலிருந்து பால் காய்ச்சும் சட்டியைக் கொண்டுவந்துவிட்டார். நூலில் கட்டித் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானியைச் செருகி, கொல்லைப்புறக் காஸ் அடுப்பில் வைத்தோம். ஐம்பது, அறுபது, ஒன்றும் அசையவில்லை. எழுபதைத் தாண்டியதும் உள்ளிருந்த மெழுகு உருகி விரிந்து, பித்தளைத் தட்டு மெல்ல எழுந்தது. தூங்குகிறவன் ஒரு கண்ணைத் திறப்பது போல இருந்தது. மாமா குழந்தை மாதிரி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக டிராக்டர் ஓட்டுகிறவர். இந்தச் சாமான் திறந்து அன்றுதான் பார்த்தாராம்.

மாமி வந்து சட்டியைப் பார்த்தது அப்போதுதான். என்ன சொன்னார் என்று எழுதப்போவதில்லை. ஆனால் அவர் கோபத்தில் விஷயம் இருந்தது. கிளைக்கால் இனிக்கும். நாய் நக்கும், குழந்தை குடிக்கும். கல்லீரல் அதை ஆக்சாலிக் அமிலமாக்க, அது சுண்ணாம்போடு சேர்ந்து சிறுநீரகத்தில் ஊசி ஊசியாகப் படியும். இதோடு ஒரே ஆலையில் பிறக்கும் டைஎத்திலீன் கிளைக்கால்தான், 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் கலந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்றது. பால்சட்டி அன்றோடு பட்டறைக்கு மாறியது.

பைப்பை மாட்டி ரேடியேட்டரைத் தலைகீழாக, கீழிருந்து மேலாக அலசினோம். பிறகு நல்ல தண்ணீர் நிரப்பி, ஓட்டி, ஆறவிட்டு, வடித்தோம். முதல் தடவை தே-ஓ. இரண்டாவது, எலுமிச்சை பிழிந்த தே-ஓ. நாலாவது தடவைதான் வாளியின் அடி தெரிந்தது. வெளிப்பக்கம் ரேடியேட்டர் இதழ்களுக்கு நடுவே புல்விதையும் செம்பனை நாரும் அடைந்து கிடந்தன. அதைப் பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுக்கவே ஒரு மணி நேரம். முள் சிவப்புக்குப் போனதில் பாதிக் குற்றம் இந்தக் குப்பையினுடையது என்பது என் கணிப்பு.

நிரப்புவதில் ஒரு சூட்சுமம் உண்டு. எவ்வளவு வடித்தாலும் பிளாக்கின் மூலை முடுக்கில் அலசிய தண்ணீர் கொஞ்சம் நிற்கும். அதன்மேல் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினால் கலவை நீர்த்துவிடும். அதனால் மொத்தக் கொள்ளளவில் பாதிக்குக் கலக்காத கூலன்டை முதலில் ஊற்றிவிட்டு, மிச்சத்தை டிஸ்டில்ட் தண்ணீரால் நிரப்பவேண்டும். "அப்ப முழுக்கவே அத ஊத்துனா இன்னும் நல்லதில்லயா?" என்றார் மாமா. இல்லை. வெப்பத்தைத் தூக்கிச் செல்வதில் தண்ணீரை மிஞ்ச ஆளில்லை. சுத்தக் கிளைக்கால் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். நம் ஊருக்கு மூன்றில் ஒரு பங்குகூடப் போதும் என்பார்கள். நாங்கள் புத்தகத்தில் இருந்த பாதியோடு நின்றோம்.

மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டோம். மேல் ஹோஸைக் கையால் பிசைந்துகொண்டே இருந்தேன். திடீரென்று ஹோஸ் சுட்டது. களக்கென்று ஒரு சத்தம். உள்ளே மாட்டியிருந்த காற்று குமிழிட்டு வெளியே வர, மட்டம் நாலு விரல் இறங்கியது. தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. மாமா கூலன்டை ஊற்றி மூடியைத் திருகினார். மறுநாள் அதே மேட்டில் அதே பாரத்தோடு ஏறினார். முள் நடுவில் நின்றது.

மிச்சம் இருப்பது வாளிகள். பழைய எஞ்சின் எண்ணெய்க்கு ஆள் வந்து வெள்ளி கொடுத்து எடுத்துப்போவான். பழைய கூலன்டைத் தொட மாட்டான். 2005ஆம் ஆண்டுத் திட்டமிட்ட கழிவு விதிகளில் இதற்கு எஸ்டபிள்யூ 327 என்று எண்ணே இருக்கிறது. இந்த வகைக் கழிவைக் கையாளும் மையம் மாநில எல்லை தாண்டி, நெகிரி செம்பிலான் புக்கிட் நானாஸில். தொழிற்சாலைகள் லாரியில் அனுப்பும் இடம் அது. மாமா இரண்டு போத்தலோடு போய் நிற்கும் இடம் அல்ல. ஒர்க்ஷாப்பில் கேட்டால், அவர்கள் பின்னாலிருந்த சாக்கடையைக் கண்ணால் காட்டினார்கள். அது பரீட்டுக்குப் போகிறது, பரீட் லங்காட்டுக்கு.

முதலில் வடித்த தே-ஓவையும் அந்த இரண்டு அரைப் போத்தல்களையும் மூடியுள்ள கேனில் ஊற்றி, கொட்டகை மூலையில், நாய் எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறோம். மாமா சாக்குக்கட்டியால் மூன்று மொழியில் விஷம் என்று எழுதினார். ஜப்பானிய மொழி தெரிந்தால் அதிலும் எழுதியிருப்பார்.