நீரிழிவுப் பூனையில் இரத்தச் சர்க்கரைத் தாழ்வு: பிற்பராமரிப்பு

இன்சுலின் சிகிச்சை பெறும் பூனையின் இரத்தத்தில் குளுக்கோஸ் இயல்பான வரம்புக்குக் கீழே இறங்கும் நிலை இரத்தச் சர்க்கரைத் தாழ்வு எனப்படும். மருத்துவ வழக்கில் இது ஹைப்போகிளைசீமியா என்று வழங்கும். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 60 மில்லிகிராமுக்குக் குறைவாகக் குளுக்கோஸ் இருப்பது தாழ்வாகக் கொள்ளப்படுகிறது. பூனை நீரிழிவுச் சிகிச்சையில் மிக விரைவாக உயிருக்கு ஊறு விளைவிக்கக்கூடிய சிக்கல் இது. வலிப்போ மயக்கமோ நீங்கி விலங்கு எழுந்து நடமாடத் தொடங்கியதும் சிக்கல் முடிந்துவிட்டதாகத் தோன்றினாலும், அதற்குப் பிந்தைய சில மணி நேரத்திலும் சில வாரங்களிலும் எடுக்கப்படும் முடிவுகளே மறுதாழ்வைத் தடுக்கின்றன. தாழ்வு ஏன் நேர்ந்தது என்று கண்டறிந்து, அதற்கேற்ப இன்சுலின் அளவைத் திருத்துவதே பிற்பராமரிப்பின் மையப் பணியாகும்.

உடலில் நிகழ்வது

பூனைகளில் காணப்படும் நீரிழிவு பெரும்பாலும் மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஒத்தது. உடல் திசுக்கள் இன்சுலினுக்குச் சரிவர இணங்காமல் போக, கணையத்தின் சுரப்பும் நாளடைவில் குன்றுகிறது. உடற்பருமன், முதுமை, ஸ்டீராய்டு மருந்துகள் ஆகியவை இதற்கு வழிவகுக்கின்றன. விதைநீக்கம் செய்யப்பட்ட ஆண் பூனைகளில் இந்நோய் மிகுதி. நலமான உடலில் குளுக்கோஸ் குறையும்போது கணையம் இன்சுலின் சுரப்பைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஊசியால் செலுத்தப்பட்ட இன்சுலினுக்கு அத்தகைய தடை ஏதுமில்லை என்பதால், தேவைக்கு மிஞ்சிய அளவு உடலில் இருக்கும் வரை குளுக்கோஸ் இறங்கிக்கொண்டே போகலாம். அந்நிலையில் குளுக்ககான், அட்ரினலின், கார்ட்டிசோல், வளர்ச்சி ஹார்மோன் ஆகியவை எதிர்வினையாகச் சுரந்து, கல்லீரலில் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கப்பட்டுள்ள சர்க்கரையை இரத்தத்தில் கலக்கச் செய்கின்றன.

மூளை தனக்கு வேண்டிய குளுக்கோஸைச் சேமித்து வைக்க இயலாத உறுப்பாகையால் முதலில் பாதிக்கப்படுவதும் அதுவே. கடும் பசி, சோர்வு, நடுக்கம், தள்ளாட்டம், விரிந்த கண்மணி, வலிப்பு, நினைவிழப்பு ஆகியவை அறிகுறிகள். வெளிப்படையான அறிகுறி எதுவுமின்றி, அளந்து பார்க்கும்போது மட்டும் தாழ்வு தெரியவரும் பூனைகளும் உண்டு.

முதல் சில மணி நேரம்

முதலுதவியாகத் தேன் அல்லது குளுக்கோஸ் கரைசல் ஈறுகளில் தடவப்படுகிறது. விழுங்கும் நிலையிலுள்ள பூனைக்கு உடனே உணவும் தரப்படுகிறது. வலிப்பிலோ மயக்கத்திலோ இருக்கும் பூனையின் வாயில் நீர்மம் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் சென்றுவிடக்கூடும் என்பதால் அது தவிர்க்கப்பட வேண்டும். இத்தகைய பூனையைத் தாமதமின்றிக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அங்கு நீர்த்த டெக்ஸ்ட்ரோஸ் கரைசல் சிரைவழி மெதுவாகச் செலுத்தப்பட்டு, பின்னர் 2.5 முதல் 5 விழுக்காட்டுக் கரைசல் தொடர் சொட்டாக ஏற்றப்படுகிறது.

வாய்வழி தரப்பட்ட சர்க்கரையின் பயன் சிறிது நேரமே நிற்கும். கிளார்ஜின் போன்ற நீண்டநேர இன்சுலினின் செயலோ 12 மணி நேரமும் அதற்கு மேலும் தொடரக்கூடும். ஆகவே, பூனை தெளிந்துவிட்டது என்று கவனிப்பைக் கைவிட்ட பிறகு இரண்டாம் முறை தாழ்வு நேர்வது உண்டு. இதைத் தவிர்க்க, தொடக்கத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும், அளவு நிலைபெறத் தொடங்கியதும் மணிக்கு ஒரு முறையும் குளுக்கோஸ் அளக்கப்பட வேண்டும். அடுத்த வேளை இன்சுலினை மருத்துவரைக் கேட்காமல் போடலாகாது.

காரணம் அறிதல்

அளவு மிகுந்த ஊசி, குடும்பத்தில் இருவர் ஒருவருக்கொருவர் அறியாமல் ஒரே வேளைக்கு இரு முறை ஊசி போடுதல், ஊசிக்குப் பின் பூனை உண்ணாமல் இருத்தல் அல்லது வாந்தியெடுத்தல் ஆகியவை வழக்கமான காரணங்கள். சிரிஞ்சுக் குழப்பமும் இவற்றுள் ஒன்று. இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் 40 யூனிட், 100 யூனிட் என இரு செறிவுகளில் கிடைக்கிறது; 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சால் எடுத்தால் பூனைக்கு இரண்டரை மடங்கு மருந்து சென்றுவிடும். இந்தியாவில் மனிதருக்கான இன்சுலின் குப்பிகள் 40 யூனிட் செறிவில் பரவலாகவும், கிளார்ஜின் 100 யூனிட் செறிவிலும் விற்கப்படுவதால், இங்கு இப்பிழைக்கு வாய்ப்பு அதிகம். வழக்கமாக 40 யூனிட் சிரிஞ்சு சிவப்பு மூடியும் 100 யூனிட் சிரிஞ்சு ஆரஞ்சு மூடியும் கொண்டிருக்கும்.

பிழை ஏதும் நேராதபோதும், பூனையின் இன்சுலின் தேவை குறைந்துவிட்டதால் தாழ்வு வரலாம். பல் நோயோ சிறுநீர்த் தொற்றோ குணமாதல், ஸ்டீராய்டு மருந்து நிறுத்தப்படுதல், உடல் எடை குறைதல், மாவுச்சத்து குறைந்த உணவுக்கு மாறுதல் ஆகிய ஒவ்வொன்றும் உடலை இன்சுலினுக்கு மேலும் இணங்கச் செய்கின்றன. சிறுநீரகச் செயலிழப்பில் இன்சுலின் உடலிலிருந்து மெதுவாகவே நீங்குவதால் பழைய அளவே மிகையாகிவிடுகிறது.

இன்சுலின் அளவைத் திருத்துதல்

தாழ்வுக்குப் பின் பழைய அளவையே தொடர்வது ஆபத்தானது. அச்சத்தால் இன்சுலினை நாள்கணக்கில் நிறுத்திவிடுவதும் அதே அளவு ஆபத்தானது. இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை மிகையாகச் சிதைத்து, கீட்டோன்கள் என்னும் அமிலப் பொருள்களை இரத்தத்தில் சேர்க்கிறது. கீட்டோ அமிலத்துவம் எனப்படும் அந்நிலையும் உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே குளுக்கோஸ் மீண்டும் உயர்ந்ததை உறுதிசெய்த பின், அளவை 25 முதல் 50 விழுக்காடு வரை குறைத்து ஊசியைத் தொடங்குவது மருத்துவர்களின் வழக்கம். அறிகுறிகளுடன் கூடிய தாழ்வானால் பெரும்பாலும் பாதியாகக் குறைக்கப்படுகிறது.

தாழ்வை அடுத்து ஓரிரு நாள் குளுக்கோஸ் மிக உயர்ந்து காணப்படலாம். எதிர்ச் சுரப்புகளும் அவசரத்தில் தரப்பட்ட சர்க்கரையும் இதற்குக் காரணம். இந்த உயர்வைக் கண்டு அளவைக் கூட்டினால் மீண்டும் தாழ்வு நேரும். தாழ்வைத் தொடரும் இத்தகைய உயர்வை 1930களில் மனிதரிடம் விவரித்த மைக்கேல் சொமோகியின் பெயரால் இது சொமோகி விளைவு எனப்படுகிறது. ஆயினும் வீட்டில் அடிக்கடி அளக்கப்பட்ட பூனைகளின் பதிவுகளை ஆராய்ந்த பிற்கால ஆய்வு, இது பூனைகளில் அரிது என்று காட்டியது. ஆகவே உயர்ந்த எண் ஒவ்வொன்றுக்கும் இதையே காரணமாகக் கொள்வதும் தவறு.

2022 டிசம்பரில் பெக்சாகிளிஃப்ளோசினும் 2023இல் வெலாகிளிஃப்ளோசினும் அமெரிக்காவில் பூனைகளுக்கான வாய்வழி மருந்துகளாக ஒப்புதல் பெற்றன. சிறுநீர் வழியே குளுக்கோஸை வெளியேற்றும் இவற்றால் தாழ்வு நேரும் வாய்ப்பு குறைவு. எனினும் கீட்டோ அமிலத்துவ அபாயம் கருதி, இவை இதற்கு முன் இன்சுலின் பெறாத பூனைகளுக்கென்றே ஒப்புதல் பெற்றவை; தாழ்வுக்கு அஞ்சி இன்சுலினிலிருந்து இவற்றுக்கு மாறுவது அந்த ஒப்புதலின் வரம்புக்குள் அடங்காது.

கண்காணிப்பு

காது விளிம்பில் சிறு ஊசியால் குத்திப் பெறும் ஒரு துளி இரத்தம் வீட்டில் அளப்பதற்குப் போதுமானது. மனித இரத்தத்தில் குளுக்கோஸின் ஏறத்தாழ 42 விழுக்காடு சிவப்பணுக்களிலும் எஞ்சியது பிளாஸ்மாவிலும் இருக்க, பூனை இரத்தத்தில் 93 விழுக்காடு பிளாஸ்மாவிலேயே உள்ளது. இதனால் மனிதருக்கான கருவிகள் பூனைகளில் பொதுவாக உண்மையினும் குறைந்த எண்ணைக் காட்டுகின்றன. ஒரே கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தினால்தான் எண்களை ஒப்பிட முடியும். புதிய அளவு தொடங்கிய பின், 12 மணி நேரத்துக்கு இரண்டு மணிக்கு ஒரு முறை அளந்து வரையப்படும் குளுக்கோஸ் வளைகோட்டில் மிகக் குறைந்த புள்ளி 80 முதல் 150 மில்லிகிராமுக்குள் அமைவதை அமெரிக்க விலங்கு மருத்துவமனைச் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் இலக்காகக் கொள்கின்றன. தோலில் பொருத்தும் உணர்விகள் இடைவிடாத பதிவைத் தந்தாலும், அவை திசுநீரை அளப்பதால் சில நிமிடம் பின்தங்கும். அவை காட்டும் தாழ்வை இரத்தத் துளியால் சரிபார்ப்பது நலம். முந்தைய சில வாரங்களின் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் பரிசோதனை குறுகிய நேரத் தாழ்வுகளை வெளிப்படுத்தாது.

உணவும் நரம்பு மீட்சியும்

அவசரம் தீர்ந்ததும் சர்க்கரை தருவதை நிறுத்தி, புரதம் மிக்க வழக்கமான உணவுக்குத் திரும்ப வேண்டும். உணவு வகையை மாற்ற வேண்டியிருந்தால், மருத்துவரின் கண்காணிப்பில் இன்சுலின் அளவையும் உடன் திருத்தியே மாற்ற வேண்டும். ஒரு நாளுக்கு மேல் உண்ணாத பூனையை, குறிப்பாகப் பருமனானதை, கல்லீரலில் கொழுப்பு படியும் நோய் தாக்கக்கூடும் என்பதால் பசியின்மையை உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். கடும் தாழ்வுக்குப் பின் பார்வையிழப்பு, தள்ளாட்டம், திசை தெரியாமல் சுற்றுதல் ஆகியவை சில மணி முதல் சில நாள் வரை நீடிக்கலாம். நீண்ட நேரத் தாழ்வில் மூளை உயிரணுக்கள் மடிந்தால் சில குறைகள் நிலைத்துவிடுவதும் உண்டு. இக்காலத்தில் உயரமான இடங்களுக்கு ஏற வழியில்லாத அமைதியான அறையில், உணவும் நீரும் மணல்தட்டும் அருகிலிருக்கப் பூனையை வைத்திருப்பது நன்று.

தணிவு நிலை

தாழ்வு எப்போதும் தீய செய்தியாக இருப்பதில்லை. சிகிச்சை தொடங்கிய முதல் சில மாதங்களில் கணையம் ஓரளவு மீண்டு, இன்சுலின் தேவைப்படாத தணிவு நிலையை எய்தும் பூனைகள் கணிசமாக உள்ளன. குறைந்த அளவு இன்சுலினிலும் தாழ்வு வருவது சிலவற்றில் இதன் முதல் அடையாளம். இன்சுலின் இன்றி குறைந்தது நான்கு வாரம் குளுக்கோஸ் இயல்பாக நின்றால் தணிவு உறுதியாகிறது. நோய் திரும்பக்கூடுமாதலால் அதன் பிறகும் அவ்வப்போது அளந்து பார்ப்பது இன்றியமையாதது.

மறுதாழ்வைத் தடுத்தல்

ஊசி போட்ட நேரம், அளவு, போட்டவர், பூனை உண்ட அளவு ஆகியவற்றை ஒரே ஏட்டில் பதிவது இரட்டை ஊசியைத் தடுக்கும் எளிய வழியாகும். பூனை உண்கிறதா என்று பார்த்த பின்னரே ஊசி போட வேண்டும். ஊசி முழுமையாக உள்ளே சென்றதா, முன்பே போடப்பட்டுவிட்டதா என்ற ஐயம் எழுந்தால் மீண்டும் போடாமல் அடுத்த வேளை வரை காத்திருப்பதே நெறி; ஒரு வேளை ஊசி தவறுவதால் குளுக்கோஸ் சில மணி நேரம் உயர்ந்திருக்குமே தவிர, மிகையான ஊசி விளைவிக்கும் உயிராபத்து அதில் இல்லை.