கருங்காலியா, ஸ்டீலா? கம்பி மேல சறுக்குற ஒரு உருளையின் கதை

தூத்துக்குடியிலிருந்து ஒரு நேயர் ரெண்டு கேள்வி அனுப்பியிருந்தார். முதல் கேள்வி: "லேப் ஸ்டீல் கத்துக்கிட்டிருக்கேன், அடுத்து பெடல் ஸ்டீலுக்குப் போகணும்னு ஆசை. கம்பி மேல வெச்சு நகர்த்துற டோன் பார் எதைப் பார்த்து வாங்குறது?" ரெண்டாவது கேள்வி: "நம்ம கோட்டுவாத்தியத்தைப் பார்த்துத்தான் ஹவாய்க்காரங்க ஸ்டீல் கிடாரே செஞ்சாங்கன்னு வாட்ஸ்அப்ல சுத்துது. நிஜமா?"

ஒண்ணு கடைக் கேள்வி, இன்னொண்ணு வரலாற்றுக் கேள்வி. ஆனா ரெண்டுக்கும் பதில் ஒரே இடத்துல இருக்குன்னு நான் நினைக்கிறேன். அந்த உருளையோட எடையில.

முதல்ல, தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். சாதாரண கிடார்ல விரலால கம்பியை அழுத்துவோம். ஸ்டீல் கிடார்ல அழுத்துறதே இல்ல. வாத்தியத்தைப் படுக்கவெச்சு, இடது கையில ஒரு கனமான உருளையைப் பிடிச்சு, கம்பி மேல லேசா வெச்சு நகர்த்துவோம். 'ஸ்டீல்' என்ற பெயரே அந்த உருளையால வந்தது. பெடல் ஸ்டீல்ல இதுகூட கால் பெடலும் முழங்கால் லீவரும் சேரும். அதை மிதிச்சா குறிப்பிட்ட கம்பியோட சுருதி மட்டும் மாறும். 1954இல் வெப் பியர்ஸ் பாடி ஹிட்டான 'ஸ்லோலி' பாட்டுல பட் ஐசக்ஸ் வாசிச்ச பிறகுதான், அந்த வழுக்கிப் போற சத்தம் அமெரிக்க கன்ட்ரி இசையோட அடையாளமா ஆச்சு.

நம்ம பக்கம் இதுக்கு மிக நெருங்கிய சொந்தம் கோட்டுவாத்தியம். இன்னைக்குப் பெரும்பாலும் சித்ரவீணைன்னு சொல்றோம். பார்க்க வீணை மாதிரியே இருக்கும், ஆனா மெட்டு கிடையாது. வலது கை மீட்டும், இடது கை ஒரு கட்டையைக் கம்பி மேல ஓட்டும். அந்தக் கட்டை கருங்காலியில இருக்கும், எருமைக் கொம்புல இருக்கும், இப்போ டெஃப்லான்லயும் வருது. பெயருக்குச் சொல்ற விளக்கங்கள்ல ஒண்ணு, கோடு என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது. பழந்தமிழ்ல கோடுன்னா மரக்கிளை, விலங்கோட கொம்பு, ரெண்டும்தான். கருங்காலிக் கட்டையும் எருமைக் கொம்பும் ஒரே சொல்லுக்குள்ள அடங்கிடுது பாருங்க. அதே சொல்லுக்குச் சங்குன்னும் ஒரு பொருள் உண்டு. முத்துக்கும் சங்குக்கும் மூழ்கின ஊர்க்காரர் கேட்ட கேள்விக்கு இது பொருத்தமான சொல்தான்.

இப்போ வாட்ஸ்அப் கதைக்கு வருவோம். "சித்ரவீணை நாட்டிய சாஸ்திரத்துலயே இருக்கு, ஆக ரெண்டாயிரம் வருஷம்" என்பது அதோட முதல் வரி. பெயர் இருக்கு, உண்மைதான். ஆனா அங்க சொல்லப்படுவது ஏழு கம்பி வாத்தியம், கட்டையை ஓட்டி வாசிக்கிறதில்ல. கட்டையை ஓட்டி வாசிக்கிற முறையும் பழசுதான். அதுக்குச் சான்று 13ஆம் நூற்றாண்டு சங்கீத ரத்னாகரம். ஒற்றைக் கம்பி கொண்ட ஏகதந்திரி வீணையை மூங்கில் துண்டால வாசிச்சதை அது விவரிக்குது. நாம இன்னைக்குப் பார்க்குற கோட்டுவாத்தியம் 19ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில உருவானது. திருவிடைமருதூர் சீனிவாச ராவும் அவர் மகன் சகாராம ராவும் அதை மேடை வாத்தியமா ஆக்கினாங்க. அப்புறம் மைசூர் அரண்மனை வித்வான் நாராயண ஐயங்கார், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் மாதிரியானவங்க வளர்த்தாங்க.

அதே காலத்துல ஹவாயில என்ன நடந்துச்சு? 1880களில் ஜோசப் கெகூகூ என்ற பையன், ரயில் பாதையில கிடந்த போல்ட்டை எடுத்துக் கிடார் கம்பி மேல தேய்ச்சுப் பார்த்தான் என்பது அங்க பிரபலமான கதை. இன்னொரு கதையும் உண்டு. காப்ரியேல் டேவியன் என்ற இந்தியப் பையனை ஒரு கப்பல் கேப்டன் கடத்திட்டு வந்தார், ஹொனலுலுவில அவன்தான் இப்படி முதல்ல வாசிச்சான்னு சொல்லுவாங்க. துறைமுக ஊர்க்காரங்களுக்கு இதைக் கேட்டதும் கை பரபரக்கும். 1914க்கு முன்னாடி மெட்ராஸிலிருந்து கொழும்பு போகணும்னா தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து நீராவிக் கப்பல். அப்போ அந்தப் பையனும் நம்ம ஊர்ல கப்பல் ஏறியிருப்பானோ? அந்தக் கதையில ஊர்ப் பெயர் இல்லைங்க. இல்லாத பெயரை நாம எழுதிச் சேர்த்தா அது வரலாறு ஆகாது, இன்னொரு ஃபார்வர்டு மெசேஜ் ஆகும்.

அதனால நான் கதைகளை ஓரமா வெச்சுட்டுப் பொருளையே எடைபோட்டுப் பார்க்கலாம்னு கணக்குப் போட்டேன். 22 மில்லிமீட்டர் விட்டம், 8 சென்டிமீட்டர் நீளம். பத்துக் கம்பி பெடல் ஸ்டீலுக்கு ஏறக்குறைய இந்த அளவு பார்தான் வழக்கம். இதே அளவுல ஸ்டீல் உருளை செஞ்சா சுமார் 240 கிராம். கண்ணாடின்னா 75. டெஃப்லான்னா 67. எருமைக் கொம்பு 40. கருங்காலி வெறும் 33 அல்லது 35. ஸ்டீலுக்கும் கருங்காலிக்கும் ஏழு மடங்கு வித்தியாசம்!

ஏன் இவ்வளவு தூரம்? பெடல் ஸ்டீல் வாசிக்கிறவர் பல கம்பிகளைச் சேர்த்து ஒரு கார்டு ஒலிக்க விடுறார். பார் எல்லாக் கம்பி மேலயும் சமமா, ஆடாம உட்காரணும். கையால அழுத்தினா கம்பி கீழ இறங்கிச் சுருதி கெடும், அதனால பாரோட எடையே அந்த வேலையைச் செய்யணும். கனம் கூடினா நாதம் நிற்கிற நேரமும் கூடும். கர்நாடக சங்கீதத்துக்கு வேண்டியது வேற. ஒரு ஸ்வரத்தை அசைக்கணும், நொடிக்குள்ள பல தடவை மேலும் கீழும் போய்வரணும். 240 கிராமை அப்படி ஆட்டிப் பாருங்க, மணிக்கட்டு சொல்லும் பதிலை. கட்டை லேசா இருந்தாத்தான் கமகம் சுலபமா வரும்.

இந்தச் சறுக்கலுக்கு எழுத்து வடிவம் கொடுத்த ஊரும் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துலதான் இருக்கு. எட்டயபுரம். 1904இல் சுப்பராம தீட்சிதரோட 'சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி' அங்க அச்சாச்சு. ஒவ்வொரு கமகத்துக்கும் அதுல ஒரு குறி. மேல சறுக்கினா ஏற்ற ஜாரு, ஒரு சாய்ந்த கோடு. கீழ சறுக்கினா இறக்க ஜாரு, எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு. ஐரோப்பிய இசைக்குறிப்பு தெரிந்த சின்னசாமி முதலியாரோட தூண்டுதலும் எட்டயபுரம் சமஸ்தானத்தோட ஆதரவும் அந்தப் புத்தகத்துக்குப் பின்னாடி இருந்தது. ஹவாய் கிடார் இந்தியாவுக்கு வந்து பரவுறதுக்கு முன்னாடியே, சறுக்கல் இங்க இலக்கணத்தோட இருந்தது. 1940களில் கல்கத்தாவுல தங்கியிருந்த ஹவாய்க் கலைஞர் டாவ் மோ குடும்பம் மாதிரியானவங்களால அந்தக் கிடார் நமக்கு நெருக்கமாச்சு. 1967இல் 'கால் ஆஃப் தி வேலி' ஆல்பத்துல பிரிஜ் பூஷன் காப்ரா அதுல ராகம் வாசிச்சார். விஷ்வ மோகன் பட் தன்னோட மோகன வீணைக்காக 1994இல் கிராமி வாங்கினார். இவங்க கையில இருந்தது ஸ்டீல் உருளைதான். ஆக ஸ்டீல்ல ராகம் வராதுன்னு யாரும் சொல்ல முடியாது. கை அதுக்கேத்த மாதிரி பழகணும், அவ்வளவுதான்.

சரி, இப்போ கடைக்குப் போவோம். தூத்துக்குடியில முத்து தரம் பிரிச்ச முறையையே பின்பற்றலாம். முதல்ல பித்தளைச் சல்லடைகள். 20 துளையில ஆரம்பிச்சு 1000 துளை வரைக்கும் பத்துச் சல்லடை, ஒவ்வொண்ணா மாத்தி அளவு பிரிப்பாங்க. அப்புறம் எடை. அப்புறம் உருண்டையும் ஒளியும். நமக்கும் அதே வரிசை.

அளவு: உங்க வாத்தியத்துல எத்தனை கம்பியோ, எல்லாத்தையும் மூடி ரெண்டு பக்கமும் கொஞ்சம் மீறணும். அதுக்கு மேல நீளம் வேண்டாம். விட்டம் உங்க கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில அடங்கணும்.

எடை: பெடல் ஸ்டீல்னா 200 முதல் 250 கிராம் வரை வசதி. ஆறு கம்பி லேப் ஸ்டீலுக்கு இன்னும் லேசானது போதும். முதுகுல பள்ளம் வெச்ச ஸ்டீவன்ஸ் வகை பார் பிடிக்கச் சுலபம், கம்பியிலிருந்து தூக்கித் தூக்கி வைக்கவும் தோது. முனை உருண்ட முழு உருளைதான் பெடல் ஸ்டீலுக்குப் பழக்கமானது.

உருண்டை: கண்ணாடிப் பலகை மேல படுக்கவெச்சு, பின்னாடி மொபைல் டார்ச் அடிங்க. நடுவுல வெளிச்சம் கசிஞ்சா பார் நேரா இல்ல. உருட்டிவிட்டா தத்தித் தத்திப் போகுதான்னும் பாருங்க.

மேற்பரப்பு: நகத்தால மெதுவா இழுங்க. நகம் எங்க தட்டுப்படுதோ அங்க கம்பி உரசி 'ஸ்ஸ்'ன்னு சத்தம் வரும். குரோம் பூச்சு உரிஞ்சிருந்தா வேண்டாம். கடல் காத்து அடிக்கிற ஊர்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் நல்லது. காந்தம் ஒட்டலைன்னாத்தான் ஸ்டெயின்லெஸ்னு நம்பாதீங்க, அதுல காந்தம் ஒட்டுற வகையும் இருக்கு.

கருங்காலிக் கட்டை வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. கருங்காலி மாலை மோகத்துக்கு அப்புறம் சாயம் பூசின மரம் நிறைய சுத்துது. ஈரமான வெள்ளைத் துணியால தேய்ங்க, கறுப்பு ஒட்டினா திருப்பிக் கொடுங்க. நல்ல கருங்காலி தண்ணியில மூழ்கும். ஆனா மூழ்குற மரமெல்லாம் கருங்காலி இல்ல. அப்புறம், நல்ல கட்டையை ஊறவெச்சுக் கெடுத்துடாதீங்க.

அந்த நேயரோட ரெண்டாவது கேள்விக்கு என் பதில் இதுதான். ஒருத்தரைப் பார்த்து இன்னொருத்தர் நகலெடுத்திருந்தா இந்த ரெண்டு கட்டையும் இவ்வளவு விலகி நின்னிருக்காதுன்னு எனக்குத் தோணுது. ஒண்ணு பத்துக் கம்பியை அமைதியா நிறுத்துறதுக்குப் பிறந்தது. இன்னொண்ணு ஒரே கம்பியை ஆட்டுறதுக்குப் பிறந்தது. ஸ்டீல் கிடாரை நாமதான் கண்டுபிடிச்சோம்னு சொன்னா, நம்ம ஆளுங்க நிஜமா எதைக் கண்டுபிடிச்சாங்க என்பது மறைஞ்சு போகும். திருவிடைமருதூர்ல அந்த அப்பாவும் மகனும் செஞ்சதுக்கு ஹவாயோட சான்றிதழ் தேவையில்லை.

முதல் கேள்விக்கும் பதில் இதுலயே இருக்கு. என்ன வாசிக்கப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க, பார் தானா முடிவாகும். கார்டுன்னா ஸ்டீல். கமகம்னா லேசான கட்டையையும் ஒரு தடவை கையில எடுத்துப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.