ரோஸ்மேரி செடி ஒரே மாசத்துல பட்டுப்போகுதா? வெயிலைவிட தண்ணிதான் வில்லன்!

தலைமுடிக்கு நல்லது என்று ரீல்ஸ்களில் சொல்லப்படுவதால் ரோஸ்மேரிக்கு மவுசு கூடியிருக்கிறது. ஆசையாக நர்சரியில் இருந்து வாங்கி வந்து வைத்தால், சில வாரங்களிலேயே நுனி கருகி செடி காலி. கண்டாச்சிபுரம், விழுப்புரம், திண்டிவனம் போன்ற வெயில் ஊர்களில் இதை வளர்க்க முடியுமா? முடியும். ஆனால் சில விஷயங்களில் கவனம் தேவை.

ரோஸ்மேரி எந்த ஊர் செடி?

மத்திய தரைக்கடல் பகுதியின் வறண்ட, பாறைகள் நிறைந்த சரிவுகள்தான் இதன் தாய்வீடு. அங்கே தண்ணீர் தேங்காது, காற்று தாராளமாக வீசும். தமிழ்நாட்டில் நீலகிரி, கொடைக்கானல் மலைப்பகுதிகளில் நன்றாக வளர்கிறது.

ஏன் பட்டுப்போகிறது?

துளசி, புதினா, கற்பூரவள்ளி எல்லாமே ரோஸ்மேரியின் குடும்பம்தான். அதனால் புதினாவுக்கு ஊற்றுவது போலவே இதற்கும் தினமும் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். ஈரம் தங்கினால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. எனவே இலை நுனி காய ஆரம்பிக்கும். அதைப் பார்த்து "அய்யோ, தண்ணி பத்தலை போல" என்று இன்னும் ரெண்டு சொம்பு ஊற்றுவோம். செடியின் கதை அதோடு முடிந்துவிடும்.

தொட்டியும் மண்ணும்

* பிளாஸ்டிக்கைவிட மண் தொட்டி நல்லது. ஈரம் சீக்கிரம் காயும். அடியில் ஓட்டை கட்டாயம்.
* கரடுமுரடான மணல் 2 பங்கு, செம்மண் 1 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு. களிமண் வேண்டாம். தேங்காய் நார்க்கழிவு ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் அதையும் தவிர்க்கலாம்.
* விதை முளைப்பது கஷ்டம். நாற்றாக வாங்குவதே நல்லது. பனி, வெயில் இரண்டும் அளவாக இருக்கும் ஜனவரி மாதம் நடுவதற்கு ஏற்றது.

தண்ணீர் எப்போது ஊற்றணும்?

விரலை 2 அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடி ஓட்டை வழியாக வழியும் வரை ஊற்றுங்கள். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம்.

வெயிலும் மழையும்

தினமும் 6 மணி நேரமாவது வெயில் படணும். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் காலை வெயில் போதும். உச்சிவெயிலுக்கு பச்சை வலை கட்டுங்கள்.

அதைவிட ஆபத்து ஐப்பசி, கார்த்திகை மழை. 2024-ல் ஃபெஞ்சல் புயலின்போது விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். அவ்வளவு வேண்டாம், நாலு நாள் அடைமழையே ரோஸ்மேரிக்குப் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை தொட்டியை சன்ஷேடுக்குக் கீழே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

எப்படி வெட்டுவது?

பச்சையான இளம் நுனிகளை மட்டும் வெட்டுங்கள். இலையில்லாத முற்றிய கட்டையில் வெட்டினால் பெரும்பாலும் மறுபடி துளிர்க்காது. ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது.

வெட்டிய குச்சியைத் தூக்கிப்போட வேண்டாம். 10 முதல் 15 செ.மீ. நீளக் குச்சியில் அடி இலைகளை உருவிவிட்டு, லேசான ஈர மணலில் ஊன்றி நிழலில் வைத்தால், ஒன்று, ஒன்றரை மாதத்தில் வேர் பிடிக்கும். தாய்ச்செடி போனாலும் கையில் இன்னொன்று இருக்கும்.

விவசாயமா செய்யலாமா?

கடல் மட்டத்தில் இருந்து 900 முதல் 2,500 மீட்டர் உயரமுள்ள பகுதிகளே சாகுபடிக்கு ஏற்றவை. எனவே கண்டாச்சிபுரம் போன்ற சமவெளியில் ஏக்கர் கணக்கில் பணம் போடுவது ரிஸ்க். வீட்டுத் தேவைக்கு ரெண்டு தொட்டி என்றால் தாராளமாக முயற்சிக்கலாம்.